வெள்ளையர் கட்டத்துக்குள் ஒரு அரபு நகரம்

அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி இனம் பற்றியது. முதல் கட்டம் ‘வெள்ளையர்’. அதன் கீழே எழுதுவதற்கு இடம் விட்டு, எடுத்துக்காட்டுகளும் அச்சிட்டிருந்தார்கள்: ஜெர்மானியர், ஐரிஷ்காரர், ஆங்கிலேயர், இத்தாலியர், லெபனானியர், எகிப்தியர். மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டை ஒட்டி இருக்கும் டியர்பார்ன் நகரத்து அரபுக் குடும்பங்களுக்குச் சிக்கல் அந்தக் கடைசி இரண்டு பெயர்களில்தான் இருந்தது.

படிவம் வேலை செய்த விதம் இது. ‘வெள்ளையர்’ கட்டத்தை மட்டும் டிக் செய்து எழுதும் இடத்தைக் காலியாக விட்டவர் வெறும் வெள்ளையர். அவர் அரபு என்பதற்கு அரசிடம் ஒரு தடயமும் இராது. டிக் செய்துவிட்டு ‘ஏமன்’ என்றோ ‘லெபனான்’ என்றோ எழுதியவர் மொத்தக் கணக்கில் வெள்ளையராகவே இருப்பார், ஆனால் உட்பிரிவில் ‘மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா’ என்று தனியாக எண்ணப்படுவார். நானா வெள்ளையன் என்று வீம்பாக ‘வேறு இனம்’ கட்டத்துக்குப் போய் ‘அரபு’ என்று எழுதியவரையும் தொகுக்கும்போது வெள்ளையர் பக்கம்தான் தள்ளினார்கள். 1997இல் அமெரிக்க அரசு வகுத்த வரையறை அப்படி: ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா ஆகியவற்றின் ஆதிக்குடிகளின் வழிவந்தவர்கள் எல்லாரும் வெள்ளையர்.

2010இல் கையால் எழுதியதில் முதல் 30 எழுத்துகளையும், அவற்றிலிருந்து வம்சாவளியைக் குறிக்கும் இரண்டு குறியீடுகளையும் மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். 2020இல் அது 200 எழுத்து, ஆறு குறியீடு என்று விரிந்தது. அதன் பலன் 2023 செப்டம்பரில் வெளியான விரிவான அட்டவணையில் தெரிந்தது. டியர்பார்னின் 1,09,976 பேரில் சுமார் 54.5 சதவீதம் பேர் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வழியினர். ஊர்க்காரர்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம், அரசின் ஏட்டில் அன்றுதான் ஏறியது.

புலம்பெயர்ந்தோரின் அடையாளம் என்று எழுத உட்கார்ந்தால் கை தானாகவே சாப்பாட்டுக்கும் தாய்மொழிக்கும் போகிறது. டியர்பார்ன் விஷயத்தில் அவை இரண்டாம்பட்சம் என்பது என் கருத்து. அங்கே ‘நாம் யார், இது நம் ஊரா’ என்ற கேள்விகள் நீதிமன்றத்திலும், நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவிலும், மையவாடி (முஸ்லிம் இடுகாடு) ஒப்பந்தத்திலும், வாக்குச்சீட்டிலும்தான் அடி அடியாகத் தீர்ந்தன. தீராதவையும் அங்கேதான் தேங்கி நிற்கின்றன.

வெள்ளையர் என்ற பெயர் அரபுகள் மேல் தானாக வந்து ஒட்டிக்கொண்டதல்ல. வழக்காடி வாங்கியது. 1790ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘சுதந்திரமான வெள்ளை மனிதர்’ மட்டுமே குடியுரிமை பெறலாம். 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள். நடுவில் இருந்தவர்களுக்கு வழி இல்லை. ஓட்டோமான் பேரரசின் சிரியாவிலிருந்து, அதாவது பெரும்பாலும் இன்றைய லெபனான் மலைப்பகுதியிலிருந்து, வந்த கிறிஸ்தவர்கள் அப்போது தங்களைச் ‘சிரியர்’ என்றே சொல்லிக்கொண்டார்கள். 1909இல் கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் ஷிஷிம் என்ற போலீஸ்காரர், தன்னை மங்கோலிய இனம் என்றால் அதே மண்ணில் பிறந்த இயேசுவும் அப்படித்தானே என்று நீதிமன்றத்தில் கேட்டு வென்றார். தென் கரோலினாவில் ஜார்ஜ் டோ என்ற சிரியர் 1914இல் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டு, 1915இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார். சிரியர்கள் வெள்ளையர் என்பது அன்றிலிருந்து நிலைத்துவிட்டது.

எட்டே ஆண்டுகள் கழித்து, 1923இல், பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் ஏறத்தாழ அதே வாதத்தோடு உச்ச நீதிமன்றம் போனபோது, மானுடவியலாளர் என்ன சொன்னாலும் சாதாரண ஜனங்களின் புரிதலில் இந்தியர் வெள்ளையர் இல்லை என்று தீர்ப்பானது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அதைப் பறித்தார்கள். சிரியர்களைக் காப்பாற்றியது பெரிதும் கிறிஸ்தவம்தான். அதற்கு ஆதாரம் டெட்ராய்ட்டிலேயே இருக்கிறது. 1942இல் அஹமது ஹசன் என்ற ஏமனியரின் விண்ணப்பத்தை அங்கிருந்த கூட்டாட்சி நீதிபதி தள்ளுபடி செய்தார். தம் வட்டாரத்தில் வெயில் கடுமை, அதனால்தான் தோல் இந்த நிறம் என்று ஹசன் சான்றுப்பத்திரங்களோடு போயிருந்தார். நீதிபதி தோலின் நிறத்தைச் சொன்னதோடு நிற்கவில்லை. அரபுகள் முஸ்லிம்கள், ஐரோப்பாவின் கிறிஸ்தவ மக்களிடமிருந்து அவர்களின் பண்பாடு வெகு தூரம், கலந்து வாழ்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் எழுதினார். 1944இல் மாசசூசெட்ஸில் இன்னொரு நீதிபதி முகமது மோரீஸ் என்ற அரபு முஸ்லிமுக்கு நேர்மாறாகத் தீர்ப்புக் கொடுத்தார். 1952இல் சட்டத்திலிருந்து இன நிபந்தனையே போனது. வெள்ளையர் என்ற பட்டம் மட்டும் தங்கிவிட்டது.

ஏமனியர்களும் லெபனானியர்களும் டெட்ராய்ட் வட்டாரத்துக்கு ஏன் போனார்கள் என்பதற்குப் பதில் ஒரு சொல்: ஃபோர்டு. 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் கூலி என்று நிறுவனம் அறிவித்தது. ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையைச் சுற்றி முஸ்லிம்கள் குடியேறி, 1921இல் அங்கே ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. ஒரு முக்கியமான காரணம், வேலையே அங்கிருந்து நகர்ந்துவிட்டது. டியர்பார்னில் ரூஜ் ஆற்றங்கரையில் ஃபோர்டு கட்டிய மாபெரும் ஆலைக்குத் தொழிலாளர்கள் போனார்கள். ஆலைக்குப் பக்கத்துப் பேட்டையான சவுத்எண்டில், டிக்ஸ் சாலையில், 1938இல் எழுந்த பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. ஃபோர்டு நடத்திய ஆங்கிலப் பள்ளியின் பட்டமளிப்பு விழா விசித்திரமானது. தொழிலாளர்கள் சொந்த நாட்டு உடையில் மேடையிலிருந்த ராட்சத அண்டாவுக்குள் இறங்கி, அமெரிக்கக் கோட்டு சூட்டோடு மறுபக்கம் வெளியே வருவார்கள். கூலி கொடுப்பவன் உடையையும் மாற்றித் தருவான் என்ற அந்த நம்பிக்கையை இன்று படித்தால் சிரிப்பு வரும். அன்று வேலைக்குப் போனவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஊருக்குள் இடம் பிடித்ததில் நான் அதிகம் மதிப்பது சவுத்எண்ட் போராட்டத்தை. 1942 முதல் 1978 வரை டியர்பார்னின் மேயராக இருந்தவர் ஓர்வில் ஹப்பர்ட், கறுப்பர்கள் ஊருக்குள் குடிவரக் கூடாது என்பதை வெளிப்படையாகவே கொள்கையாக வைத்திருந்தவர். அவருடைய நிர்வாகம் சவுத்எண்டைக் காலிசெய்து தொழிற்பேட்டை ஆக்க முடிவெடுத்தது. புல்டோசரை ஒரே நாளில் கொண்டுவருவது பழைய முறை. இங்கே நடந்தது நுட்பமானது. வீட்டைப் பழுதுபார்க்கவும் கூட்டிக் கட்டவும் அனுமதி கேட்டால் கிடைக்காது. இந்தப் பகுதி இடிபடப் போகிறது என்ற பேச்சைப் பரவவிடுவார்கள். வீடு சீர்கெடும், வெளியார் வாங்க வரமாட்டார்கள், கடைசியில் நகராட்சியே வாங்க முன்வரும். வாங்கிய வீட்டை இடித்து மனையைக் காலியாகப் போட்டால் பக்கத்து வீட்டின் மதிப்பும் விழும். பிறகு அடுத்த வீடு.

குடியிருப்போர் 1971இல் வழக்குப் போட்டார்கள். வீட்டு உரிமையாளர்களின் உரிமையை நகராட்சி மீறிவிட்டது என்று 1973இல் கூட்டாட்சி நீதிமன்றம் கண்டது. மேல்முறையீடுகள் அதற்குப் பிறகும் பத்தாண்டு இழுத்தன. அந்த 1971இல் அதே பேட்டையில் ஒரு சின்னக் கடையறையில் தொடங்கிய ‘ஆக்செஸ்’ என்ற அமைப்பு, படிவம் நிரப்பவும் ஆங்கிலம் கற்கவும் உதவ ஆரம்பித்து, இன்று நாட்டின் மிகப் பெரிய அரபு அமெரிக்கச் சமூக சேவை நிறுவனமாக நிற்கிறது.

அந்தக் காலத்தில்தான் ‘சிரியர்’, ‘லெபனானியர்’, ‘ஏமனியர்’ என்பவர்கள் ‘அரபு அமெரிக்கர்’ ஆனார்கள். 1967 அரபு-இஸ்ரேல் போரின் அதிர்ச்சி ஒரு காரணம். தொழிற்சங்கம் இன்னொரு காரணம். வாகனத் தொழிலாளர் சங்கம் தன் நிதியை இஸ்ரேல் கடன்பத்திரங்களில் போட்டிருந்தது. அந்த நிதி தங்கள் சந்தாவிலிருந்தும் வந்தது என்று அரபுத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். 1973 நவம்பர் 28 அன்று பக்கத்து ஊரான ஹாம்ட்ராமிக்கில் கிரைஸ்லரின் டாட்ஜ் மெயின் ஆலையில் அவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஒரே பெயரில் ஒரே கோரிக்கையோடு வாசலில் நின்றது சாதாரண விஷயமில்லை.

1975இல் தொடங்கிய லெபனான் உள்நாட்டுப் போர், பின்த் ஜுபைல் போன்ற தெற்கு ஊர்களைக் குடும்பம் குடும்பமாக டியர்பார்னுக்கு அனுப்பியது. சதாம் உசேனுக்கு எதிரான 1991 எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு இராக்கின் ஷியா அகதிகள் வந்தார்கள். ஹப்பர்ட் போனபின் ஊர் மாறிவிடவில்லை. 1985 மேயர் தேர்தலில் மைக்கேல் குய்டோவின் துண்டறிக்கை நகரப் பூங்காக்களையும் ‘அரபுப் பிரச்சினை’யையும் ஒரே தலைப்பில் போட்டு வாக்குக் கேட்டது. அவர் வென்றார், 2006இல் இறக்கும்வரை மேயராக இருந்தார். பின்னாளில் அரபு வாக்காளர்களிடமே போய் ஆதரவு கேட்கவேண்டிய நிலையும் வந்தது. காரணம் வாரன் அவென்யூ. ஆளில்லாமல் கிடந்த கடைகளை லெபனானியர்கள் எடுத்து பேக்கரி, இறைச்சிக் கடை, மருந்துக் கடை என்று நிரப்பினார்கள். கடைக்காரர் வரி கட்டுபவர், வரி கட்டுபவர் வாக்காளர். 2005இல் மிச்சிகன் அவென்யூவில் நகராட்சி மன்றத்துக்கு எதிரே அரபு அமெரிக்க தேசிய அருங்காட்சியகம் திறந்தது. 2015இல் ஹப்பர்ட்டின் சிலையை நகராட்சி வளாகத்திலிருந்து எடுத்தார்கள். 2021 தேர்தலில் லெபனான் குடியேறிகளின் மகன் அப்துல்லா ஹம்மூத் மேயரானார்.

ஒரு சமூகம் ஊரில் வேர் விட்டதா என்று பார்க்க மேயர் நாற்காலியைவிட நம்பகமான இடம் மையவாடி. பிழைக்க வந்தவன் காசு அனுப்புவான், ஒருநாள் திரும்புவான். அடக்கம் செய்துவிட்டால் திரும்புவது கஷ்டம். முஸ்லிம் முறைப்படி மய்யித்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டி, ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து கஃபன் துணிகளில் சுற்றி, கூடியவரை அன்றே அடக்க வேண்டும். மிச்சிகனில் இதற்கு முதல் தடை காகிதம். மருத்துவர் சான்று வேண்டும், உரிமம் பெற்ற ஈமச்சடங்கு நிலையத்தின் கையெழுத்தும் வேண்டும். வெள்ளி மாலை இறந்தால் திங்கள்வரை இழுக்கலாம், விடுமுறை நாளில் குழி தோண்டக் கூடுதல் கட்டணம் உண்டு. ஜனவரியில் நிலம் உறைந்து பாறையாகிவிடும், தோண்டுவதே தனி வேலை.

இரண்டாவது தடை கான்கிரீட் பெட்டி. உடல் மண்ணைத் தொட வேண்டும் என்பது முறை. அமெரிக்கக் கல்லறை நிர்வாகங்களோ குழிக்குள் கான்கிரீட் உறை வைக்கச் சொல்லும். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. நிலம் அமுங்கிவிட்டால் புல்வெட்டும் வண்டியும் தோண்டும் இயந்திரமும் ஓடாது, அதனால் நிர்வாகம் விதி போடுகிறது. பேசித் தீர்த்த வழி: அடிப்பாகம் இல்லாத உறை. மய்யித்து மண்ணில் இருக்கும், மேலே கான்கிரீட் மூடி தாங்கும்.

மூன்றாவது, திசை. தமிழ்நாட்டில் கிப்லா, அதாவது மக்காவை நோக்கிய திசை, மேற்கே; கபர்கள் (புதைகுழிகள்) தெற்கு வடக்காக அமையும். டெட்ராய்ட்டிலிருந்து மக்காவுக்குப் பூமிப்பந்தின் மேல் மிகக் குறுகிய வழி வடகிழக்கு. வலப்பக்கம் சாய்த்து முகத்தை அங்கே திருப்ப, கபர் வடமேற்கு தென்கிழக்காகக் கோணலாக ஓட வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக மனை வாங்கினால், கிழக்கு மேற்காக வரிசை பிடித்த கிறிஸ்தவக் கல்லறையில் இது பொருந்தாது. அதனால் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கி வரிசையையே திருப்பிப் போடுவதுதான் வழி. மொத்தமாக வாங்கச் சங்கம் வேண்டும், பணம் வேண்டும், அடுத்த தலைமுறையும் இங்கேதான் என்ற தீர்மானம் வேண்டும்.

பள்ளிக்கூடமும் இதே மாதிரிதான், ஆனால் அங்கே காரியம் சுலபமாக நடந்தது. 2010 ரமலான் ஆகஸ்டு நடுவில் வந்தது. டியர்பார்னின் ஃபோர்ட்சன் உயர்நிலைப் பள்ளி அமெரிக்கக் கால்பந்து அணியில் ஏறக்குறைய எல்லாரும் முஸ்லிம்கள். தலைக்கவசமும் காப்புகளும் மாட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் பயிற்சி எடுத்தால் மயங்கி விழுவார்கள். பயிற்சியை இரவு 11 மணி முதல் காலை 4 மணிவரை மாற்றினார்கள். நோன்பு திறந்து, விளையாடி, விடியலுக்கு முந்தைய சஹர் உணவைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். அமெரிக்கக் கால்பந்தைவிட அமெரிக்கத்தனமான ஒன்று கிடையாது, அதை நோன்பு நேரத்துக்குத் திருப்பியவர்கள் யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை.

இனி வெள்ளையர் கட்டத்தின் விலைக்கு வருவோம். ஆங்கிலம் போதாத வாக்காளர்களுக்கு அவர்கள் மொழியில் வாக்குச்சீட்டு தரவேண்டும் என்பது வாக்குரிமைச் சட்டத்தின் 203ஆம் பிரிவு, 1975இல் சேர்த்தது. ஒரு மொழிக் குழுவில் அப்படிப்பட்ட வாக்காளர் 10,000 பேருக்கு மேலோ, ஊரின் வாக்களிக்கும் வயதுக் குடிமக்களில் 5 சதவீதத்துக்கு மேலோ இருந்தால் உரிமை பிறக்கும். ஆனால் எந்தக் குழுக்கள் என்ற பட்டியல் அதற்கு முன்பே மூடிவிடுகிறது: ஸ்பானிய வம்சாவளியினர், ஆசியர், அமெரிக்கப் பூர்வகுடியினர், அலாஸ்காப் பூர்வகுடியினர். அரபு இல்லை. பக்கத்து ஹாம்ட்ராமிக்கில் வங்கதேசத்தவர் ஆசியக் கணக்கில் வருவதால் 2011 முதல் வங்காள மொழிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதே தெருவில் வசிக்கும் ஏமனியருக்கு அது இல்லை. டியர்பார்ன் நகரசபை 2022இல் தானாகத் தீர்மானம் போட்டு அரபு வாக்குச்சீட்டு கொண்டுவந்தது. சபை போட்ட தீர்மானத்தைச் சபையே எடுத்துவிடலாம்.

வியாபாரத்திலும் இதே கதை. பின்தங்கியவர்களின் சிறு தொழில்களுக்கு அரசு ஒப்பந்தம் ஒதுக்கும் கூட்டாட்சி அரசின் 8(அ) திட்டத்தில் கறுப்பர், பூர்வகுடியினர், இந்திய, இலங்கை, வங்கதேச வம்சாவளியினர் எல்லாரும் சமூகரீதியாகப் பின்தங்கியவர் என்று முன்கூட்டியே கொள்ளப்பட்டார்கள். 2023இல் ஒரு நீதிமன்றம் அந்த அனுமானத்தை நிறுத்தும்வரை, ஹூஸ்டனில் கட்டட ஒப்பந்தம் எடுக்கும் தமிழருக்குத் தானாகக் கிடைத்ததை டியர்பார்ன் அரபு தனியாக ஆவணம் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. நம்மவர்களும் ஒரு காலத்தில் அந்தக் கட்டத்தில்தான் இருந்தார்கள். 1970 கணக்கெடுப்பில் இந்தியர் வெள்ளையர். இந்தியர் சங்கங்கள் வாதாடி 1980இல் ‘ஏசியன் இந்தியன்’ என்ற கட்டத்தைப் பெற்றன. இலங்கைத் தமிழர் இன்னமும் ‘பிற ஆசியர்’ என்ற இடத்தில் எழுதித்தான் தெரியவைக்க வேண்டும்.

அப்படியானால் தனிக் கட்டம் கேட்க ஏன் தயக்கம்? தயங்கியவர்களுக்கு நியாயம் உண்டு. 2002, 2003 ஆண்டுகளில் கணக்கெடுப்பு நிறுவனம், அரபு வம்சாவளியினர் எந்தெந்த நகரத்தில் எத்தனை பேர் என்றும், பிறகு அஞ்சல் குறியீடு வாரியாக எகிப்தியர், இராக்கியர், லெபனானியர் என்று பிரித்தும் சுங்க, எல்லைக் காவல் துறைக்குத் தொகுத்துக் கொடுத்தது 2004இல் தகவல் உரிமை மனு மூலம் வெளியானது. விமான நிலையத்தில் எந்த மொழியில் அறிவிப்புப் பலகை வைப்பது என்று பார்க்கத்தான் கேட்டோம் என்றார்கள். பொதுவில் உள்ள தரவுதான், சட்டமீறல் இல்லை. 1942இல் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைக்கவும் இதே மாதிரித் தொகுப்புதான் உதவியது என்பது தெரிந்தவர்களுக்கு அந்த விளக்கம் போதவில்லை. எண்ணப்பட்டால் உதவி வரும், போலீஸும் வரும் என்ற இரட்டைக் கணக்கு அங்கே ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு.

2015இல் கணக்கெடுப்பு நிறுவனமே சோதனை நடத்தி, தனிக் கட்டம் கொடுத்தால் பதில்கள் துல்லியமாகின்றன என்று கண்டது. 2018இல் அரசு மறுத்தது. 2024 மார்ச் 28 அன்று விதி மாறி, ‘மத்தியக் கிழக்கினர் அல்லது வட ஆப்பிரிக்கர்’ தனி வகையானது. கொடுத்திருக்கும் மாதிரியில் டிக் செய்ய ஆறு சிறு கட்டங்கள்: லெபனானியர், ஈரானியர், எகிப்தியர், சிரியர், இராக்கியர், இஸ்ரேலியர். பட்டியலைக் கவனித்தால் இது அரபுக் கட்டம் இல்லை, நிலப்பரப்புக் கட்டம் என்பது புரியும். ஈரானியர் அரபு இல்லை. இராக்கிலிருந்து வந்து டெட்ராய்ட்டின் வடக்கே வாழும் கல்தேயக் கிறிஸ்தவர்களில் பலர் தங்களை அரபு என்றால் ஒப்பமாட்டார்கள். அவர்களுக்கு இந்த நிலப்பரப்புப் பெயர் சௌகரியம். சூடானியரும் சோமாலியரும் அரபு லீக் உறுப்பு நாடுகளைச் சேர்ந்தவர்கள், ஆனாலும் மேலும் ஆய்வு வேண்டும் என்று அவர்களை வகைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

சவுத்எண்டின் ஏமனியருக்கும் சிறு கட்டம் கிடையாது. மாதிரி இப்படியே நின்றால், பெரிய கட்டத்தை டிக் செய்துவிட்டு, கீழே உள்ள வெற்றிடத்தில் ‘ஏமன்’ என்று கையால் எழுத வேண்டும், வீட்டில் எட்டுப் பேர் என்றால் எட்டு முறை. டிக் செய்வதோடு நிறுத்தினால் லெபனானியர் எண்ணிக்கை சரியாகவும் ஏமனியர் எண்ணிக்கை குறைவாகவும் வரும். பேட்டைப் பள்ளிக்கு எத்தனை மொழி ஆசிரியர், மருத்துவமனையில் எந்த வட்டார அரபு பேசும் மொழிபெயர்ப்பாளர் என்று திட்டமிடுபவர்கள் எடுத்துப் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.